சாட்சிக் கூண்டில் நிற்பவர் குற்றவாளி அல்லர்

"கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் புத்திமதி. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இந்தப் புத்திமதிக்கு இன்னும் கூடுதல் மரியாதை. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. போலீஸ் பேசுவது வங்காளி, வக்கீல் பேசுவது ஆங்கிலம், எழுதிக்கொள்வது என்னவென்று நமக்குத் தெரியாது. எதற்கு வம்பு என்று ஒதுங்குகிறோம்.

ஒதுங்குவதால் லாபம் யாருக்கு? சாரம் சரிந்து கொத்தனார் ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட நின்ற நாலு பேரும் "நாங்கள் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டால், அவருடைய மனைவி மக்களுக்குக் கிடைக்கவேண்டிய இழப்பீடு காண்டிராக்டரின் பையிலேயே தங்கிவிடும். வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண் ஒருத்திமேல் திருட்டுப்பழி விழுகிறது; உண்மை தெரிந்த சமையற்காரர் வாய் திறக்கவில்லை. பழி நிலைத்துவிடும். பணம் உள்ளவனுக்குப் பத்திரம் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஏழைக்கு இருப்பது இன்னொரு ஏழையின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த வாயை அடைத்துவிட்டால் சட்டப் புத்தகம் முழுவதும் அவனுக்கு வெற்றுத்தாள்.

நம் மக்களின் அச்சம் வீண் அச்சம் என்று நாம் சொல்லவில்லை. நடையில் நிறுத்தி மிரட்டுவது, கூண்டில் ஏற்றிவைத்து ஆபாசமாகக் கேட்பது, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது, சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருப்பது, இவை எல்லாம் நடக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு. அந்தப் பரிகாரங்கள் எல்லாவற்றுக்கும் வாசற்படி ஒன்றே: நடந்த முறைகேட்டை அன்றைக்கே எழுத்தில் ஏற்றவேண்டும். எழுத்தில் ஏறாத முறைகேடு, மேல்கோர்ட்டின் கண்ணில் நடக்காத முறைகேடு.

சாத்தான்குளம் சொன்ன பாடம்

இதற்குத் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார் என்று வியாபாரி ஜெயராஜைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். கேட்கப்போன மகன் பென்னிக்சும் நிலையத்துக்குள் அகப்பட்டார். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார். நாடு கொதித்தெழுந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் விசாரணைக்காக 28ஆம் தேதி சாத்தான்குளம் நிலையத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கு நேர்ந்ததுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு தாம் கண்டதைச் சொல்ல முன்வந்தார். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, உடனே கைப்பற்றாவிட்டால் அழித்துவிடுவார்கள் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே சக போலீசார் கூடி நின்று ஒட்டுக்கேட்டார்கள். கேட்ட ஆவணங்களும் லத்திகளும் லேசில் வந்து சேரவில்லை. ஒரு காவலர் மாஜிஸ்திரேட்டையே ஒருமையில் இழிவாகப் பேசினார். நிலையத்துக் கேமராப் பதிவுகளோ நாள்தோறும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. சொன்னதற்குக் கையெழுத்திட ரேவதி அஞ்சினார். பாதுகாப்புக்கு உறுதி சொன்ன பிறகே கையெழுத்திட்டார்.

ஒரு மாஜிஸ்திரேட்டுக்கே இந்தக் கதி என்றால் சாமானியனுக்கு என்ன கதி என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மாஜிஸ்திரேட் அங்கே சண்டை போடவில்லை; நடந்ததை நடந்தபடி அறிக்கையாக எழுதி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பினார். நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு மறுநாளே அதைக் கையில் எடுத்தது. கூடுதல் போலீஸ் சூப்பிரண்டு, துணைச் சூப்பிரண்டு, இழிவாகப் பேசிய காவலர் ஆகிய மூவர் மீதும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கி, 30ஆம் தேதி நேரில் வந்து நிற்கச் சொன்னது. தடயங்கள் அழியாமலிருக்க, போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகள் வசம் ஒப்படைக்குமாறு கலெக்டருக்கு உத்தரவிட்டது. ரேவதிக்குப் பாதுகாப்புத் தரச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லும், அதை அன்றைக்கே தாளில் ஏற்றிய ஒரு அதிகாரியின் பேனாவும் சேர்ந்து இதைச் செய்தன. வெளியே மக்கள் எழுப்பிய குரல் அதற்கு வலுச்சேர்த்தது.

நாம் குடியிருக்கும் இந்த நகரத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவராயிருந்த டி.கே. பாசு, போலீஸ் காவலில் நேர்ந்த சாவுகளைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1986 ஆகஸ்ட் 26 அன்று உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம்தான் மனுவாயிற்று. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, கைது செய்யும் போலீசார் என்னென்ன செய்யவேண்டும் என்று நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. பத்தாண்டு பிடித்தது என்பதும் உண்மை. எழுதியிருக்காவிட்டால் எத்தனை ஆண்டானாலும் வந்திருக்காது என்பதும் உண்மை.

போலீஸ் கூப்பிட்டால்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்புக்கு வந்திருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் சில பிரிவுகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

179ஆம் பிரிவின்படி, சாட்சியை வரச்சொல்லும் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு தரவேண்டும். தம் நிலைய எல்லையிலும் அதை அடுத்த நிலைய எல்லையிலும் உள்ளவரைத்தான் இப்பிரிவின் கீழ் அழைக்கலாம். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், உடல் ஊனமுற்றோர், மனநலம் குன்றியோர், கடும் நோயாளிகளையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச்சொல்லக் கூடாது. வீட்டில் வந்துதான் கேட்கவேண்டும். அவர்களாக விரும்பிப் போனால் வேறு விஷயம். இரவு நேரத்தில் "அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பு" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது சட்டம் அல்ல.

போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை என்பது 181ஆம் பிரிவு. வெற்றுத்தாளானாலும் எழுதிய தாளானாலும் இதுதான் விதி. மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலம் வேறு. அதில் கையெழுத்து உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினால், வாங்கிய நாள், நேரம், இடம், ஆள் இவற்றைக் குறிப்பிட்டு மாஜிஸ்திரேட்டுக்கும் மேலதிகாரிக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பவேண்டும். போலீஸ் நிலையங்களில் கேமரா வைத்து, பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்கவேண்டும், எவ்வகையிலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே மனுவில் "அந்த நேரத்துக் கேமராப் பதிவைப் பாதுகாக்கவேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க மறக்கக்கூடாது.

கூண்டில் ஏறியபின்

பாலிகஞ்ச், கரியாஹாட் வட்டாரத்து வழக்குகளுக்கு நாம் ஏறி இறங்கும் இடம் அலிப்பூர் கோர்ட். வக்கீல் குமாஸ்தாவை முஹுரி என்று அழைக்கும் ஊர் இது. பெயர்கள்தாம் வேறு, சட்டம் எங்கும் ஒன்றே.

குறுக்கு விசாரணை செய்வது எதிர்த்தரப்பு வக்கீலின் உரிமை. கடுமையாகக் கேட்பார், சுற்றிவளைத்துக் கேட்பார், பொய்யன் என்று நிரூபிக்கப் பார்ப்பார். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாளை நம் பிள்ளைமீதே பொய்வழக்கு வந்தால் அதே உரிமைதான் அவனைக் காப்பாற்றும். ஆனால் கடுமை வேறு, அவமதிப்பு வேறு. பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் இந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டுகிறது. 1872ஆம் ஆண்டுப் பழைய சட்டத்திலும் இந்த விதிகள் இருந்தன.

நியாயமான ஆதாரம் கையில் இல்லாமல் சாட்சியின் நடத்தையைக் குறைகூறிக் கேள்வி கேட்கக்கூடாது என்பது 152. அப்படிக் கேட்ட வக்கீலைப் பற்றி உயர்நீதிமன்றத்துக்கு எழுதலாம் என்பது 153. ஆபாசமான, அவதூறான கேள்வியை, வழக்கின் மூலப்பொருளைப் பற்றியதாக இல்லாதவரை, நீதிபதி தடுக்கலாம் என்பது 154. அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ கேட்கப்படும் கேள்வியை, அல்லது முறையான கேள்வியேயானாலும் புண்படுத்தும் விதத்தில் கேட்கப்படுவதை, நீதிபதி தடுக்கவேண்டும் என்பது 155. இங்கே "தடுக்கலாம்" இல்லை, "தடுக்கவேண்டும்". இது நீதிபதியின் கருணை அல்ல, கடமை.

பெண்களுக்கு நேர்ந்த கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்டவளின் முந்தைய நடத்தையைக் கிளறுவதையே சட்டம் தடை செய்கிறது. அவள் குறுக்கு விசாரணையில் துன்புறுத்தப்படும்போது கோர்ட் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று 1996இல் குர்மீத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2004இல் சாக்ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், எதிரியின் முகம் தெரியாதபடி திரை கட்டலாம், சங்கடமான கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வாயிலாகக் கேட்கச்செய்யலாம், இடையிடையே ஓய்வு தரவேண்டும் என்றது. இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

நடைமுறையில் செய்யவேண்டியது என்ன? நம்மைச் சாட்சியாக அழைத்த தரப்பின் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கவேண்டும். அவர் ஆட்சேபிக்காவிட்டால் சாட்சியே நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இந்தக் கேள்வி என்னை அவமானப்படுத்துகிறது, இதைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லலாம். வக்கீலோடு சண்டைக்குப் போகக்கூடாது. கோபத்தில் தவறும் ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருப்பார். பதிவு செய்ய மறுத்தால் அன்று மாலைக்குள் எழுத்து மூலம் மனுக் கொடுக்கவேண்டும். அந்த மனுவும் சாட்சியத்தின் நகலும் கையில் இருந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீலின் நடத்தை வரம்பு மீறியிருந்தால் மாநிலப் பார் கவுன்சிலில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி புகார் தரலாம். கண்டனத்திலிருந்து பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை அங்கே தண்டனை உண்டு.

சிவில் வழக்குகளில் குறுக்கு விசாரணையைக் கமிஷனர் ஒருவரின் அறையில் நடத்துவதும் உண்டு. கமிஷனரும் ஒரு வக்கீலே. ஆட்சேபணையைத் தீர்ப்பது அவர் வேலையில்லை. எழுதிக்கொள்வதே வேலை, முடிவு கோர்ட்டுக்குரியது. அங்கே முறைகேடு நடந்தால் ஆட்சேபணை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுந்திருக்கவேண்டும்.

நீதிபதியே தவறினால்? அதற்கும் வழி உண்டு. ஹரியானாவில் ஒரு செஷன்ஸ் நீதிபதி, முன்பு சொன்னதை மாற்றினால் பொய்ச்சாட்சி வழக்குப் போடுவேன் என்று சாட்சிகளை மிரட்டினார். 1981இல் ராம் சந்தர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அதைக் கண்டித்துத் தண்டனையை ரத்துசெய்தது. கோர்ட் கேள்வி கேட்கலாம், பயமுறுத்தக்கூடாது.

மொழி தெரியாதவர் ஊமை அல்லர்

நமக்கு மிக முக்கியமானது இதுதான். சாட்சி சொல்வது கோர்ட் மொழியில் இல்லாவிட்டால், கூடுமானால் அந்த மொழியிலேயே எழுதவேண்டும். முடியாவிட்டால் உண்மையான மொழிபெயர்ப்புத் தயாரித்து நீதிபதி கையெழுத்திடவேண்டும் என்பது 312. சாட்சியம் முடிந்ததும், எதிரியோ அவர் வக்கீலோ இருக்கும்போது, எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டவேண்டும், புரியாத மொழியில் எழுதியிருந்தால் புரியும் மொழியில் சொல்லவேண்டும், தவறிருந்தால் திருத்தவேண்டும், திருத்த மறுத்தால் சாட்சியின் ஆட்சேபணையைக் குறிப்பாகவாவது எழுதவேண்டும் என்பது 313. துபாஷி உண்மையாக மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர் என்பது 317.

அரைகுறை வங்காளியிலும் உடைந்த ஹிந்தியிலும் சாட்சி சொல்லிவிட்டுத் தப்பித்தோம் என்று வருவது நம்மவர் வழக்கம். "கிட்டத்தட்ட" என்ற ஒரு சொல் தவறிப்போனால் ஒரு மனிதனின் ஆயுள் மாறிவிடும். சந்தையில் பேசும் வங்காளி சந்தைக்குப் போதும். சத்தியம் செய்து பேசும் இடத்துக்குத் தாய்மொழியே வேண்டும். "எனக்குத் தமிழ் துபாஷி வேண்டும்" என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊரில் நடக்கும் வழக்குக்கு இங்கிருந்து போகமுடியாதவர்கள், காணொலி மூலம் சாட்சி சொல்ல அனுமதி கேட்கவும் இன்றைய சட்டத்தில் இடமுண்டு.

மிரட்டலுக்குப் பணியாதீர்

பொய்ச்சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது ஏழாண்டு வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 232ஆம் பிரிவு. இதற்குப் போலீசிலேயே நேரடியாகப் புகார் பதிவு செய்யலாம் என்று 2025இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் அதே நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. அதற்கு மனுச் செய்தால் போலீஸ் ஐந்து வேலை நாளில் அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். அவசரமானால் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்புத் தரலாம். ஒவ்வொரு மாநில அரசும் இப்படித் திட்டம் வகுத்து அறிவிக்கவேண்டும் என்று இன்று 398ஆம் பிரிவும் சொல்கிறது.

சாட்சிகள் கூட்டமாகப் பிறழ்ந்தால் வழக்கையே வேறிடத்துக்கு மாற்றலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, அவர்மீதிருந்த சொத்துக் குவிப்பு வழக்கில், முன்பே சாட்சி சொன்ன 76 பேர் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். 64 பேர் சொன்னதை மாற்றினார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அதைத் தடுக்க முயலவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் தொடுத்த மனுவில், 2003 நவம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. எந்தக் கட்சிக்காரரானாலும் இந்த விதி பொதுவானது.

பரிகாரம் எல்லாம் உண்மை சொல்பவருக்கே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வதோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பச்செய்த சாட்சியே, பின்னர் மாறி மாறிப் பேசியதற்காக 2006இல் நீதிமன்ற அவமதிப்புக்கு ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். சொந்தக்காரர், ஊர்க்காரர், ஒரே சாதி என்பதற்காகப் பொய் சொல்லப்போகாதீர்கள்.

சட்டம் தாளில் இருப்பதும் தரையில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். துபாஷி வருவதற்குள் மூன்று வாய்தா போகிறது. சாட்சிப் படி பல நேரம் பஸ் செலவுக்கும் காணாது. தினக்கூலிக்காரன் எத்தனை முறை போய்த் திரும்புவான்? சாட்சி வந்து நிற்கும்போது தக்க காரணமின்றி வாய்தா தரக்கூடாது என்று சட்டம் சொல்லியும் தருகிறார்கள். ஆகவே அலிப்பூர், சியால்தா, பாங்க்ஷால் கோர்ட்டுகளில் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்குத் துபாஷிப் பட்டியல் வேண்டும். சாட்சிப் படி அன்றைய கூலிக்குச் சமமாக, அன்றைக்கே கையில் தரப்படவேண்டும். சாட்சிப் பாதுகாப்புக்கு மனுச் செய்யும் முறை கோர்ட் வாசலில் வங்காளியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டப்படவேண்டும். இவை நம் கோரிக்கைகள். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து உழைக்கும் தோழர்களுக்கும் இதே குறை இருப்பதால், அவர்களோடு சேர்ந்தே இவற்றைக் கேட்கவேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சம்மன் வந்த குடும்பம் தனியே தவிக்காமல் சங்கத்துக்குச் சொல்லட்டும். தமிழும் வங்காளியும் நன்கறிந்த ஒருவர், அந்த வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர், கூடப் போகட்டும். பெண் சாட்சிக்குத் துணையாகப் பெண்ணே போகட்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச வக்கீல் கேட்கும் உரிமை இருக்கிறது. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். கோர்ட்டிலிருந்து திரும்பியதும், சோறு தின்பதற்கு முன்பே, என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம், யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும்.

சாத்தான்குளத்தில் ரேவதி வாய் திறந்தபோது அவரைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அதிகாரம் படைத்தவர்கள். அவர் பக்கம் இருந்தது கண்ட உண்மையும், அதை எழுதிக்கொள்ள ஒரு பேனாவும் மட்டுமே. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிமேல், "கோர்ட்டுக்குப் போகாதே" என்று சொல்லவேண்டாம். "கண்டதைச் சொல், சொன்னதைப் படித்துக்காட்டக் கேள், நடந்ததை அன்றே எழுதிவை" என்று சொல்லுவோம்.